உதட்டுக்கதை

மாலை ஏழு மணிக்குப் பட்டறை முழுக்கப் பஞ்சுத்தூசி மிதந்துகொண்டிருந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் அது இறங்குகிறதா ஏறுகிறதா என்று சொல்ல முடியாது. பள்ளிபாளையத்தின் அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு தறிதான். இந்தப் பட்டறையில் பன்னிரண்டு ஓடின. நான்கை அறிவுச்செல்வி பார்த்துக்கொண்டாள்.

நெய்து முடித்த துண்டுக் கட்டுகளின் மேல் அவள் மகள் ஷாலினி படுத்திருந்தாள். நான்கு வயது. தரையின் அதிர்வு கட்டுகள் வழியாக ஏறி அவள் முதுகுக்கு வரும். பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து அவளுக்குத் தொட்டில் ஆடியது அப்படித்தான். பக்கத்தில் அங்கன்வாடியிலிருந்து வாங்கி வந்த படப் புத்தகம் விரிந்திருந்தது. தூக்கத்தைத் தொலைத்துவிட்ட ஓர் ஆட்டுக்குட்டி, கொக்கிடமும் மீனிடமும் ஆற்றிடமும் போய்த் தன் தூக்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்கிற கதை.

செல்வி ஒரு தறியில் நூல் தீர்ந்த நாடாவை மாற்றிவிட்டு வந்து குனிந்தாள். தறிச் சத்தத்தில் கத்தினாலும் கேட்காது. அதனால் அவள் உதட்டை மட்டும் அசைத்துக் கதை சொன்னாள். மீனுக்கு உதடு ஒட்டி விரியும். ஆற்றுக்கு வாய் திறந்து குவியும். கொக்கு வரும்போது கழுத்தையும் நீட்டுவாள். ஷாலினியின் கண்கள் அந்த உதடுகளை விட்டு அகலாது. நடுவில் எங்காவது இழை அறுந்துவிடும். செல்வி ஓடிப்போய் முடிந்துவிட்டு வரும்வரை ஆட்டுக்குட்டி ஆற்றங்கரையிலேயே நிற்கும். ஷாலினி அதன் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சில நாள் அந்த விரலோடே தூங்கிப்போவாள். எட்டு மணிக்கு அதே நான்கு தறிக்கு ராத்திரி ஷிப்டு பார்க்க மாதேஷ் வருவான். புருஷனும் பெண்டாட்டியும் கையால் நாலு வார்த்தை பேசிக்கொள்வார்கள். பிறகு செல்வி மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடப்பாள்.

மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்று சந்து முழுக்க அமைதியாகிவிடும். ஆற்றுப் பக்கத்துக் காற்றுகூட வீட்டுக்குள் வரும். அப்படி ஒரு மதியம் செல்வி மகளைப் பாயில் போட்டு, புத்தகத்தை வாய்விட்டுப் படித்தாள். எட்டாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டாமல் படிப்பாள். இரண்டு பக்கம் தாண்டவில்லை. ஷாலினி எழுந்து உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, சத்தமே இல்லாமல் உதட்டால் சொன்னாள்: நெசமான கதை சொல்லு.

செல்விக்குச் சிரிப்பு வந்தது. அன்று மாதேஷிடம் சொல்லி மறுபடியும் சிரித்தாள்.

அடுத்த வாரம் அங்கன்வாடியின் கௌசியா டீச்சர் அவளை நிறுத்தினாள்.

"ஷாலினி வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டேங்கறா செல்வி. ஒதடு அசையுது, சத்தம் வரல. பாட்டும் அப்படித்தான். அடுத்த வருசம் பள்ளிக்கோடத்துக்குப் போவோணும். ஒருதரம் காதப் பாத்துருங்க."

"ஊட்ல நல்லாப் பேசுவாளுங்களே டீச்சர்," என்றாள் செல்வி. சொன்ன பிறகுதான் யோசித்தாள். மகளின் குரலைக் கடைசியாக எப்போது கேட்டோம் என்று அவளுக்கு நினைவு வரவில்லை.

பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நாள் லீவு போட்டுப் போனார்கள். கதவை மூடினால் வெளிச்சத்தம் வராத சின்ன அறை. ஷாலினியின் தலையில் பெரிய ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பாசிமணியைக் கிண்ணத்தில் போடச் சொன்னார்கள். அவள் ஒன்றையும் விடவில்லை. கடைசியில் சுவரின் மறுபக்கம் யாரோ நடந்ததற்கும் ஒரு மணி போட்டாள்.

"கொழந்தைக்கு ஒரு குறையும் இல்லம்மா," என்றார் டாக்டர். பிறகு சீட்டில் எழுதிக்கொண்டே ஏதோ கேட்டார். செல்வி மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் மறுபடியும் கேட்டார். ஷாலினி அம்மாவின் முந்தானையை இழுத்துக் குனிய வைத்து, உதட்டால் சொன்னாள்: ஊட்ல வேற யாருக்காச்சும் காது கேக்காதான்னு கேக்கறாரு.

டாக்டர் பேனாவை வைத்தார். செல்வியை அந்த அறைக்குள் உட்காரச் சொன்னார். கிண்ணத்தில் வெகுநேரம் ஒரு மணியும் விழவில்லை.

"எத்தன வருசமாத் தறி ஓட்டறீங்க?" இப்போது அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பதினாலு வருசமுங்க."

"போனது திரும்பாதும்மா. மிச்சம் இருக்கறதக் காப்பாத்தலாம். அந்தச் சத்தத்த விட்டு வெளிய வரணும்."

பட்டறைக்காரர் சிவபிரகாஷ் கெட்ட மனுஷன் இல்லை. சீட்டை வாங்கி முழுதும் படித்தார். செல்வி மடிப்பு அறை வேலை கேட்டாள். அங்கே தறி இல்லை. துண்டை மடித்து அடுக்குகிற வேலை.

"அங்க ஏற்கனவே ரெண்டு பேரு உக்காந்திருக்காங்க. தறிக்கு ஆள் கெடைக்காம நான் திண்டாடறேன்," என்றார். "எங்கப்பனுக்கும் கேக்காது செல்வி. தறி ஓட்டுனா அப்படித்தான். பஞ்ச வெச்சுக்க." சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "இன்னொன்னு. பாப்பாவ இனி உள்ள கூட்டியாராத. ஆபீசருங்க வந்தா எனக்குத்தான் வம்பு. அதுக்குக் காதாச்சும் நல்லாருக்கட்டும்."

"செரிங்க," என்றாள்.

அன்றைக்கு மாதேஷ் தறிக்குப் போகும் முன், அவளைப் பட்டறை வாசலுக்குக் கூட்டி வந்தான். "வேற வேலைக்குப் போலாம் செல்வி," என்றான். சொல்லிவிட்டு, அதே நான்கு தறியைப் பார்க்க உள்ளே போனான்.

ஷாலினி சாயங்காலங்களில் கௌசியா டீச்சர் வீட்டில் இருந்தாள். மாவரைக்கும்போதும் பூ கட்டும்போதும் டீச்சர் அவளோடு பேசினாள். ஷாலினியின் கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்து, "இங்க இருந்து வரோணும் சாமி," என்று சொல்லிக் கொடுத்தாள். முதலில் ஒரு முனகல் வந்தது. பிறகு கொக்கின் கத்தல். தை மாதம் ஒருநாள் "தண்ணி" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள் என்று டீச்சர் சொன்னபோது, செல்வி அதைத் திரும்பச் சொல்லச் சொல்லி இரண்டு முறை டீச்சரின் உதட்டைப் பார்த்தாள்.

எட்டு மணிக்குப் போய்க் கூட்டி வரும்போது பெரும்பாலும் மகள் தூங்கியிருப்பாள். தூக்கத்தில் அவள் உதடுகள் அசையும். தெருவிளக்கு வெளிச்சம் முகத்தில் விழும் இடங்களில் செல்வி நடையைக் குறைத்து, அந்த உதடுகளைப் படித்துப் பார்ப்பாள். ஒன்றிரண்டு வார்த்தை கிடைக்கும். மற்றதெல்லாம் மேகம் மாதிரிக் கலைந்து போகும்.

சித்திரையில் அங்கன்வாடியில் விழா வைத்தார்கள். ஷாலினி கதை சொல்கிறாள் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தாள். பக்கத்துத் தறிப் பொன்னாயியிடம் தன் தறிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தலையில் பஞ்சோடு செல்வி ஓடி வந்தாள். கூட்டத்தின் ஓரமாக, மகளின் முகம் நன்றாகத் தெரிகிற இடத்தைப் பார்த்து நின்றுகொண்டாள்.

ஷாலினி மஞ்சள் பாவாடையில் வந்து நின்றாள். ஒரு ஊர்ல ஒரு ஆட்டுக்குட்டி. செல்விக்கு ஒவ்வோர் எழுத்தும் புரிந்தது. அது தூக்கத்தைத் தொலைத்தது. கொக்கிடம் போனது. அம்மாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

பின்னால் இருந்த யாரோ கையை உயர்த்தினார்கள். கேட்கவில்லை போலிருக்கிறது. கௌசியா டீச்சர் ஓடிப்போய் மைக்கை இறக்கிக் குழந்தையின் வாயருகே வைத்தாள். கறுப்பாக, பெரிதாக இருந்தது அது. செல்வி இடப்பக்கம் நகர்ந்து பார்த்தாள். வலப்பக்கம் நகர்ந்தாள். மகளின் கண்களும் புருவங்களும் மட்டும் தெரிந்தன.

கண்கள் கதையின் ஆற்றைப் பார்த்தன. மேலே எதையோ பார்த்தன. திடீரென்று கூட்டம் முழுவதும் சிரித்தது. புத்தகத்தில் சிரிக்கிற இடம் ஒன்றும் இல்லை. ஷாலினியாக ஏதோ சேர்த்திருக்கிறாள்.

பக்கத்தில் நின்றிருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்வியின் பக்கம் திரும்பினாள். "எங்கிருந்துங்க இப்புடியெல்லாம் தோணுது இதுக்கு?"

"ஆமாங்க," என்று சொல்லி, எல்லோரும் சிரித்து முடித்த பிறகு செல்வியும் சிரித்தாள்.