யார் எழுந்திருப்பது

இரட்டையரில் பெரியவனுக்குப் பால் கொடுத்தபடியே காலால் சின்னவனின் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள் சண்முகப்ரியா. கதவைத் தள்ளிக்கொண்டு முருகேஸ்வரி சித்தி தலையை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"ஏளா ப்ரியா, குளிப்பாட்டணும்லா. பகவதிக்குக் கடைசியா உடுத்த நல்ல சீலையா ஒண்ணு எடுத்துத் தா."

"பீரோவுலதான் இருக்கும் சித்தி. நீங்களே பாத்து எடுங்களேன்."

"எது நல்லதுன்னு எனக்கு என்னளா தெரியும்? நீதான அவகூட இருந்தவ."

ப்ரியா எழுந்தாள். பெரியவன் வாயை எடுத்துவிட்டு வீறிட்டான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பீரோவைத் திறந்தவளுக்கு, பகவதி மைனிக்குப் பிடித்த சேலை எதுவென்று தெரியவில்லை. இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து மைனியை நைட்டியிலும் தோளில் போட்ட துண்டிலும்தான் பார்த்திருக்கிறாள். அடுக்கில் பச்சை ஒன்று இருந்தது, ஊதா ஒன்று இருந்தது. இரண்டையும் மாறி மாறித் தொட்டாள்.

"ஏதாச்சும் எடு தாயி. வெளிய ஆளு காத்துக் கெடக்கு."

பச்சையை எடுத்துக் கொடுத்தாள். சித்தி போன பிறகு ஊதாவையே கொடுத்திருக்கலாமோ என்று தோன்றியது.

பகவதி அவள் கணவன் லிங்கராஜின் அக்கா. கட்டிக்கொடுத்த இடத்தில் நிலைக்காமல் தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். உலர்ந்த பூக்களுக்குச் சாயம் ஏற்றி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரட்டைப் பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்ததும், யாரும் கேட்காமலேயே வேலையை விட்டாள். வேம்பாரில் ப்ரியாவின் அப்பா பக்கவாதத்தில் கிடந்தார். அம்மாவால் அவரை விட்டுவிட்டு வந்து இருக்க முடியாது. லிங்கராஜ் துறைமுகத்தில் கண்டெய்னர் கம்பெனிக்குப் போனால் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது. நாலு வயது கனிஷ்காவையும் இரண்டு கைக்குழந்தைகளையும் ப்ரியாவும் மைனியும்தான் பார்த்தார்கள். குழந்தைகளால் ஒட்டிக்கொண்டார்கள், குழந்தைகளாலேயே முட்டிக்கொள்ளவும் செய்தார்கள்.

முந்தின நாள் சாயங்காலமும் அப்படித்தான். கனிஷ்கா வாயில் வைத்த சோற்றைத் துப்பினாள். துப்பிய சோறு சின்னவன் தலையில் விழுந்தது. ப்ரியா கையை ஓங்கி முதுகில் ஒன்று வைத்துவிட்டாள். அடுக்களையிலிருந்து ஓடி வந்த பகவதி கனிஷ்காவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒன்னால முடியலன்னா எங்கிட்ட விடு. பச்சப்புள்ளைய அடிக்காத."

"எம்புள்ளைகள எனக்குப் பாக்கத் தெரியும் மைனி. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம்."

பகவதி பால் பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஹாலில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள்.

விடியற்காலையில் சின்னவன் அழுதான். கட்டிலில் அந்தப் பக்கம் லிங்கராஜ் அசையாமல் கிடந்தான். வழக்கமாக முதல் அழுகையிலேயே மைனி வந்துவிடுவாள். அழுகிறவனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், உப்பு ஏற்றிப் போகும் லாரிகளைக் காட்டிக்கொண்டு நிற்பாள். அந்தக் கொஞ்ச நேரம்தான் ப்ரியாவுக்குத் தூக்கம். இன்றைக்கு அவள் வரவில்லை. நேற்றுச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே படுத்திருக்கிறாள் என்று நினைத்தாள் ப்ரியா. இருக்கட்டும், எவ்வளவு நேரம் கேட்காத மாதிரி கிடக்கிறாள் பார்ப்போம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். சின்னவனின் குரல் கம்மிப்போனது. பிறகு பெரியவனும் சேர்ந்துகொண்டான்.

கடைசியில் எழுந்து, இடுப்புக்கு ஒன்றாக இரண்டையும் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்து, இருட்டில் பாயைப் பார்த்துச் சொன்னாள்: "நல்லாத்தான் படுத்திருக்கீங்க மைனி. புள்ளைக தொண்ட கிழியக் கத்துது."

முழங்கையால் சுவிட்சைத் தட்டினாள். பகவதி ஒருக்களித்து, கன்னத்துக்கு அடியில் கையை வைத்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்தார். தூக்கத்திலேயே இருதயம் நின்றிருக்கிறது என்றார். லிங்கராஜ், எந்நேரம் போயிருக்கும் என்று கேட்டான்.

"கரெக்டா சொல்ல முடியாது தம்பி. விடியக்காலமா இருக்கலாம். அதுக்கு முன்னாலயும் இருக்கலாம்."

புள்ள அழும்போது உசுரு இருந்திருக்குமா டாக்டர் என்று ப்ரியாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. அப்போதுதான் கனிஷ்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, "மம்மி, ஒண்ணுக்கு வருது" என்று நைட்டியைப் பிடித்து இழுத்தாள். அவளைக் கூட்டிப்போய்விட்டு வருவதற்குள் டாக்டரின் வண்டி போய்விட்டது.

அதற்குப் பிறகு பகல் எப்படிப் போனதென்று அவளுக்குத் தெரியவில்லை. பந்தல் போட்டார்கள், ஐஸ் பெட்டி வந்தது, மைக்கில் யாரோ ஒப்பாரி வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் தூங்குகிறவன் விழித்தான். அவனைத் தூங்க வைத்தால் மற்றவன் விழித்தான். ஹாலுக்குப் போய் மைனியின் தலைமாட்டில் உட்கார வேண்டும் என்று நினைத்து எழும்போதெல்லாம் ஏதோ ஒன்று அவளைத் திரும்ப அறைக்குள் இழுத்தது. ஒரு தடவை பெட்டி வரைக்கும் போய்விட்டாள். கனிஷ்கா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"அத்தைக்குக் குளிராதா மம்மி?"

"குளிராது."

"எப்ப எந்திப்பா?"

ப்ரியா வாயைத் திறந்தாள். உள்ளே பெரியவன் அழுதான். "இந்தா வாரேன்" என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். பின்னால் ஒரு பெண் தணிந்த குரலில், "ஒரு சொட்டுக் கண்ணீரு விடலியே இவ" என்று சொன்னது காதில் விழுந்தது.

அது உண்மைதான். அழுகை வரவில்லை. காலையில் அந்தப் பாயின் அருகே நின்றபோது அவள் முதலில் நினைத்தது, நாளைக்கு ஒருவனைக் குளிப்பாட்டும்போது இன்னொருவனை யார் பிடித்துக்கொள்வார் என்றுதான். அதுதான் துக்கமா, துக்கம் என்பது வேறா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. மைனியை நினைத்து நெஞ்சு அடைக்கிறதா, தனக்காகவா என்றும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பூக் கம்பெனிப் பெண்கள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். மாரில் அடித்துக்கொண்ட கைகளில் நகக்கண் எல்லாம் ஊதாவும் சிவப்புமாகச் சாயம் ஏறியிருந்தது. அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு ஜீவமணி அக்கா அறைக்குள் வந்தாள். பகவதியுடன் ஒரே மேசையில் வேலை பார்த்தவள். வந்தவள் ஒன்றும் கேட்காமல் சின்னவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"வாற மாசத்துல இருந்து திரும்ப வேலைக்கு வாரேன்னு சொல்லியிருந்தா. அதுக்குள்ள இப்படிப் போயிட்டா."

"வேலைக்கா? எங்கிட்ட சொல்லலியே."

"எப்படிச் சொல்லுவா? எனக்கு இடுப்பு ஒடியுது ஜீவா, ராத்திரி மாரு வேற படபடங்குதுன்னு போன்ல சொல்லுவா. அப்ப ப்ரியாகிட்ட சொல்லிட்டு வேலைக்கு வாளான்னு நான் சொன்னா, அந்தப் புள்ள தனியாக் கெடந்து என்ன பாடுபடுமோன்னு அதுக்கும் அவளே சொல்லுவா. வாரேம்பா, வர மாட்டேம்பா. அவளுக்கே ஒரு நெலையில்ல."

ப்ரியா கட்டிலில் உட்கார்ந்தாள். மைனிக்கும் முடியாமல்தான் இருந்திருக்கிறது. மாரு படபடவென்று வந்ததைத் தன்னிடம் ஒரு வார்த்தை சொன்னாளா? சொல்லி, தான்தான் பிள்ளை அழுகையில் காதில் வாங்கவில்லையா? என்றைக்கோ அடுக்களையில் நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றது போல ஒரு நினைவு. அது வாயுப் பிடிப்பு என்று மைனியே சொன்னதாகவும் நினைவு. இரண்டும் இப்போது தானாகவே உண்டாக்கிக்கொண்டவையோ என்றும் இருந்தது.

"யக்கா," என்றாள். "காலையில புள்ள அழுதப்ப நான்..."

"ஏ ஜீவா, ஆட்டோக்காரன் கூப்புடுதான்" என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது. ஜீவமணி சின்னவனைத் தொட்டிலில் கிடத்தி, ப்ரியாவின் தலையைத் தடவினாள்.

"மனச விட்டுராத. வாரேன்னு சொல்லக் கூடாது."

வெயில் தாழ, அமரர் ஊர்தியில் பகவதியைக் கொண்டுபோனார்கள். தெருமுனை வரைக்கும் பெண்கள் பின்னால் போனார்கள். ப்ரியா வாசற்படியில் நின்றாள். இரண்டு கையிலும் குழந்தைகள் இருந்ததால் கும்பிட முடியவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். முருகேஸ்வரி சித்தி தன் வீட்டிலிருந்து சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்துவிட்டு, குளிக்கப் போனாள். மயானத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து, தலை முழுகி, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பந்தலுக்கு அடியில் லிங்கராஜ் மட்டும் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தான். எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மடக்கி, தலை ஒரு பக்கம் சாய்ந்து கனிஷ்கா தூங்கிப்போயிருந்தாள்.

உள்ளே கைக்குழந்தைகள் இரண்டு பேரும் ஒருவழியாக உறங்கியிருந்தார்கள். ப்ரியா வந்து அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இனிமேலும் தள்ளினால் சொல்ல முடியாமலே போய்விடும் என்று இருந்தது.

"என்னங்க. காலையில சின்னவன் அழுதப்ப நான் முழிச்சுத்தான் கெடந்தேன். மைனி வேணும்னே வரலன்னு நெனச்சு, கோவத்துல எந்திக்காமக் கெடந்தேன்."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த பிறகும் துண்டை எடுக்கவில்லை.

"அப்பவே எந்திச்சுப் போயிருந்தா..." என்றாள்.

"நானும் முழிச்சுத்தான் கெடந்தேன்" என்றான் துண்டுக்குள்ளிருந்து.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அழுத சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேர்ல யாராச்சும் எந்திப்பீங்கன்னு கெடந்தேன். எப்பவும் எந்திப்பீங்கல்லா."

அவளுக்குள் இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்தது. தளர்ந்த இடத்திலேயே இன்னொன்று மூண்டது. பாரம் குறைந்ததா, பங்குக்கு ஆள் கிடைத்ததா, இவன் மேல் கோபம் வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

"நீங்க ஏன் எந்திக்கல?"

அவன் துண்டை மடியில் வைத்துப் பிழிந்தான். அதில் ஈரம் அவ்வளவாக இல்லை. துறைமுகப் பக்கமிருந்து கப்பலின் சங்கு ஒன்று நீளமாக ஊதி நின்றது.

பந்தல்காரர் சுடலைக்கண்ணு லோடு ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தினார். செத்த வீடென்பதால் சத்தம் வராமல் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கத் தொடங்கினார். இவர்கள் இரண்டு பேரும் எழுந்துகொண்டார்கள். அந்த இரண்டு நாற்காலிகளையும் அடுக்கிவிட்டு, கனிஷ்காவின் நாற்காலிக்கு வந்து நின்றார். குழந்தையின் வாயோரம் எச்சில் ஒழுகியிருந்தது. ஒரு செருப்பு கீழே கிடந்தது.

லிங்கராஜ் தூக்கப் போனான். சுடலைக்கண்ணு கையை அமர்த்தினார்.

"எழுப்பாண்டாம் அண்ணாச்சி. இது ஒண்ணு கெடக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன்."

லோடு ஆட்டோ போன பிறகு, கழுவிவிட்ட வெறும் வாசலில் அந்த ஒரு நாற்காலி இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ப்ரியாவும் அந்தப் பக்கம் லிங்கராஜும் நின்றுகொண்டிருந்தார்கள். உப்புக்காற்று வந்து குழந்தையின் முடியை முகத்தில் போட்டது. விலக்கிவிட இரண்டு கைகள் நீண்டன.