மூடிக்குக் கீழே ஒரு குச்சி

அந்த மலையூர்த் தெருவில் அவருக்குக் காற்றுப்புகா என்று பெயர். ஃபிரிட்ஜ் மெக்கானிக். கதவு ரப்பரை மாற்றியதும் ஒரு துண்டுக் காகிதத்தை இடுக்கில் வைத்துச் சாத்தி, இழுத்துப் பார்ப்பார். வழுக்கிக்கொண்டு வந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கிழிந்து வந்தால்தான் முகத்தில் சிரிப்பு வரும். உலகத்துத் தொல்லைகளில் பாதி இடுக்கு வழியாகத்தான் வருகிறது என்பது அவருடைய அசைக்க முடியாத எண்ணம்.

மனைவிக்கு நெஞ்சில் சளி கட்டி, பிழைத்தெழுந்த வருடம், வீட்டுக்கும் அதே வைத்தியம் நடந்தது. ஜன்னல் சட்டமெல்லாம் ரப்பர் ஒட்டினார். அவளைக் கடைக்கு அனுப்புவதில்லை. அவளுக்கு வருகிற போனை இவரே எடுத்து, "தூங்கறா" என்பார். அவள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பாள். எல்லாம் அன்புதான், யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அதனாலேயே அவளால் யாரிடமும் போய் முறையிடவும் முடியவில்லை.

அவளுக்கென்று மிஞ்சியவை கொல்லையில் இருந்த நான்கு தேன்பெட்டிகள். ஒருமுறை கொட்டு வாங்கி மூக்கு வீங்கியதிலிருந்து அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை.

குளிர் தொடங்கும் நேரத்தில் ஒருநாள் அவள் அக்கா வீட்டுக்குப் போவதாகப் பையைக் கட்டினாள்.

"எப்ப வருவே?" என்றார்.

"குளிர் முடிஞ்சதும் பெட்டிங்களைத் திறந்து பாக்க வருவேன். இங்க இருக்கறதா, போறதான்னு அப்பச் சொல்றேன்."

என்ன கேட்பது என்று தெரியாமல், "பெட்டிங்களுக்கு ஏதாவது பண்ணணுமா?" என்றார்.

"ஒண்ணும் வேண்டாம். செய்ய வேண்டியதைச் செஞ்சு வச்சிருக்கேன். நீங்க சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருக்கச் சொன்னால் இருக்கிற ஆளா அவர்?

அந்த வருடக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. தெருக்குழாய் உறைந்து வெடித்தது. சமையலறை ஜன்னல் வழியாகப் பனி மூடிய பெட்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரே பயம்தான். பூச்சிகள் செத்துப்போனால் அவள் இந்த வீட்டுக்குத் திரும்பி வர ஒரு காரணமும் இருக்காது. புருஷன் ஒரு காரணம் ஆக மாட்டான் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. அதுதான் இன்னும் வலித்தது.

ஹெல்மெட்டும் கையுறையும் மாட்டிக்கொண்டு கொல்லையில் இறங்கினார். முதல் பெட்டியின் மூடிக்குக் கீழே விரல் நீளத்தில் ஒரு குச்சி. அதனால் மூடி சரியாக உட்காராமல் காற்று உள்ளே போகிற மாதிரி இடுக்கு. அவர் மனம் இளகிப்போயிற்று. பாவம், அவசரத்தில் கிளம்பியவள் மூடியைக்கூடப் பதிக்காமல் போயிருக்கிறாள். நாலு பெட்டியிலும் ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் குச்சி எப்படி வந்தது என்று மனுஷன் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. குச்சியை உருவிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

பழைய ஃபிரிட்ஜ்களைப் பிரித்து எடுத்த ஃபோமை அளவாக அறுத்து, பெட்டியைச் சுற்றி ஒட்டினார். மூடிக்கு அடியில் கதவு ரப்பர், மேலே டேப். பூச்சி வந்துபோகிற சின்ன வாசலை மட்டும் விட்டார், அந்த அளவுக்கு அறிவு இருந்தது. காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தார். கிழிந்தது. மூன்று பெட்டிகளை இப்படி முடித்தபோது ரப்பர் தீர்ந்துவிட்டது. நாலாவதைக் குச்சியோடு அப்படியே விட்டு, மேலே ஒரு சாக்கையும் கிழிந்த கம்பளியையும் போட்டார். பார்க்கவே அவமானமாக இருந்தது. கடையில் கேட்கும்போதெல்லாம் சரக்கு வரவில்லை என்றார்கள். போனில் அவளிடம் மூச்சு விடவில்லை. வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று காத்திருந்தார்.

வெயில் தலைகாட்டியதும் அவள் வந்தாள். அக்கா புருஷன் தன் வேனில் கொண்டுவந்து விட்டார். "என்ன சகலை, இளைச்சுட்டீங்க! சமைக்கறீங்களா, இல்ல ஃபிரிட்ஜைத் திறந்து பாத்துட்டு மூடிடறீங்களா?" என்று அவர் கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவள் நேராகக் கொல்லைக்குப் போனாள். பெட்டிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"குச்சி எங்க?"

"எடுத்துட்டேன். ஒரு இண்டு இடுக்கு விடலை, பாரு."

அவள் டேப்பை உரித்து மூடியை நெம்பினாள். ஃபிரிட்ஜ் கதவு போலவே பிசுபிசுவென்று ஒட்டி இழுத்து, பிறகுதான் திறந்தது. மூடியின் அடிப்பக்கம் முழுக்க நீர்த்துளிகள், அவள் கையில் சொட்டின. கீழே தேனடைகளில் வெள்ளைப் பூஞ்சை. பூச்சிகள் ஒரே கொத்தாக, நனைந்த கரித்துணி போலக் கிடந்தன. பக்கத்தில் தேன் தொடாமல் இருந்தது.

"குளிர் எப்படி உள்ள போச்சு?" என்றார் அவர்.

"குளிர் போகல. அதுங்க விடற மூச்சு வெளிய போகல. மேல ஏறி, தண்ணியா நின்னு, அதுங்க தலையிலயே சொட்டியிருக்கு. கூட்டமா இருந்தா எந்தக் குளிரையும் தாங்கும். நனைஞ்சாத் தாங்காது. அதுக்குத்தான் குச்சி."

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும். நாலாவது பெட்டியில் கிழிந்த கம்பளியைத் தூக்கியதுமே முனகல் கேட்டது. அவள் அதன்மேல் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே இருந்தாள்.

"திட்டிடும்மா" என்றார். "வாய்விட்டுத் திட்டிடு."

அவள் அறுத்து ஒட்டிய ஃபோமின் விளிம்பை விரலால் தடவினாள். ஒரு பிசிறு இல்லை. "என்னன்னு திட்டறது? இவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கீங்க" என்றவள் அழுதுவிட்டாள். "என்னையும் இப்படித்தானே பாத்துக்கறீங்க. என்னால முடியலங்க. நான் அக்கா வீட்டுலயே இருந்துக்கறேன்."

அவர் குனிந்து, அவள் உரித்துப் போட்ட டேப்பைப் பொறுக்கிச் சுருட்டினார்.

உயிரோடிருந்த பெட்டியின் வாசலில் அவள் கம்பிவலை அடித்தாள். சகலைகள் இருவருமாக அதை வேனில் ஏற்றினார்கள். மூடியின் இடுக்கு அவர் கண்ணில் பட்டது. வழியெல்லாம் காற்றடிக்குமே என்று டேப் எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டார். அந்த மூன்று குச்சிகளும் விரலில் தட்டுப்பட்டன. வெறுங்கையை வெளியே எடுத்தார்.

வண்டி கிளம்பியது. அவள் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டாள். ஏத்திக்கோ, நெஞ்சுக்கு ஆகாது என்பது அவர் நாக்கின் நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றார். வேன் தெருமுனை திரும்பும்வரை கண்ணாடி இறங்கியேதான் இருந்தது.