பருவுக்கு ஒரு மாத்திரை

இதை அம்மாவுக்கு எத்தனையாவது முறை விளக்குகிறோம் என்று பூங்குழலிக்கே தெரியவில்லை.

"அம்மா, நிட்டிங் மிஷின்ல எண்ணெய் அதிகமாச் சொட்டினா என்னாகும்?"

"துணி பூராக் கறைதான்," என்றாள் பழனாயி. பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவளுக்கு அது தெரியாதா?

"கறையைத் தொடைச்சுட்டே இருந்தாப் போதுமா?"

"மிஷின்ல எண்ணெயைக் கொறைக்கோணும்."

"அதேதான். இத்தனை நாள் தடவுன க்ரீமெல்லாம் கறையைத் தொடைக்கறது. இந்த மாத்திரை எண்ணெயைக் கொறைக்கறது."

தோல் டாக்டர் சொன்னதைப் பூங்குழலி ஆர்வமாகக் கேட்டு மனதில் வைத்திருந்தாள். பெண் உடம்பிலும் கொஞ்சம் ஆண் ஹார்மோன் ஊறும். அதுதான் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை முடுக்கிவிடுகிறது. மாத்திரை அந்த ஊற்றைக் குறைக்கும்; ரத்தத்தில் மிச்சம் திரிவதையும் ஒரு புரதத்தைக் கொண்டு பிடித்துக் கட்டிப்போடும். ஆனால் மாதக்கணக்கில் விடாமல் போட வேண்டும். பூங்குழலிக்கு இப்போதுதான் தாடையோரத்துக் கட்டிகள் வற்றத் தொடங்கியிருந்தன.

"எல்லாஞ் சரி கண்ணு. ஆனா அது புள்ளை வேண்டாம்னு போடற மாத்திரையாமா. ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்க."

"புள்ளை வேணுங்கறப்ப நிறுத்திக்கலாம்மா. இப்பப் பாதியில நிறுத்துனாப் பருதான் திரும்ப வரும்."

பழனாயி தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நம்பியதுதான் தப்பு. மறுநாள் வேலை முடிந்து வந்தால் அலமாரியில் மாத்திரை அட்டையைக் காணோம்.

"உஞ் சின்னம்மா வந்திருந்தா. மாரியம்மன் பொங்கலுக்கு மாவெளக்கு எடுக்கோணுமாம், தேதி தள்ளிப்போக மாத்திரை இருக்குதான்னா. எல்லாம் ஒண்ணுதானேன்னு குடுத்தனுப்பிட்டேன்."

"சின்னம்மாவுக்கு பிரஷர் இருக்குதேம்மா! பிரஷர்காரங்க இதைத் தொடவே கூடாது. எனக்கே பிரஷர் பாத்து, ஒத்தத் தலைவலி வருமா, ரத்தம் கட்டியிருக்குதான்னு எல்லாங் கேட்டுத்தான் குடுத்தாங்க. மகளுக்கு ஆகாதுங்கற மாத்திரை தங்கச்சிக்கு மட்டும் ஆகுமா?"

பழனாயியின் முகம் வெளுத்தது. பூங்குழலி அவசரமாகப் போன் போட்டாள். நல்லவேளை, சின்னம்மா இன்னும் வாயில் போடவில்லை.

"அப்படியே மொகமும் பளபளன்னு ஆகும்னு நெனச்சனே கண்ணு!" என்றாள் சின்னம்மா.

"டாக்டரைக் கேக்காம எதையும் போடாதீங்க சின்னம்மா."

சின்னம்மா அதற்குள் மாத்திரை அட்டையோடு காங்கேயம் போய்ச் சேர்ந்திருந்தாள். அன்றைய மாத்திரையை விடக் கூடாது. பூங்குழலி டாக்டர் சீட்டோடு மருந்துக்கடைக்குக் கிளம்பினாள்.

"கல்யாணமாகாத புள்ளை போயி அதைக் கேக்கறதா? நானே கேக்கறேன்," என்று பழனாயியும் கூடவே வந்தாள்.

கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் அருள்குமார் பழனாயி நீட்டிய சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரைங்களே. ஆருக்குங்க, உங்களுக்கா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார்.

அத்தனை பேரும் திரும்பினார்கள். பழனாயி ஒரு கணம் மகளின் தாடையைப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"ஏனுங்க, நிட்டிங் மிஷின்ல எண்ணெய் அதிகமாச் சொட்டினா என்னாகுங்க?"

அருள்குமார் விழித்தார்.

"தெரியலீங்களா? அப்ப நில்லுங்க, மொதல்ல இருந்து சொல்றேன்," என்றாள் பழனாயி அலுப்போடு. "ஒருக்காச் சொன்னா ஆருக்குங்க புரியுது?"