புன்னம் மறுத்த சோறு

மதிய உணவு முடிந்ததும் பணிப்பெண் சொனிம் தட்டுகளைப் பார்த்தபடியே சுவர் அட்டையில் எழுதுவாள்: சோறு முக்கால், சூப் அரை, கிம்ச்சி ஊறுகாய் தொடவில்லை. மறதி நோய் கண்ட முதியோருக்கான அந்தக் கொரிய இல்லத்தில் ஒன்பது ஆண்டுகளாக அவளுக்கு இதுவே வழக்கம். முகங்களைப் பார்ப்பதை எப்போது விட்டாள் என்று அவளுக்கே தெரியாது. யாரேனும் இறந்தால் அட்டையில் ஒரு வரி குறையும், அவ்வளவுதான்.

ஒரு மாதமாக எண்பத்து நான்கு வயதுப் புன்னம் அம்மாளின் வரியில் ஒரே சொல்தான்: 'மறுத்தார்.' எடை நாற்பத்து மூன்று கிலோவிலிருந்து முப்பத்தெட்டுக்கு இறங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை மருத்துவர் வந்து உணவு செலுத்த மூக்கு வழியே குழாய் செருகுவார். பூசான் நகரில் இருக்கும் அவர் மகனிடம், "அம்மா பிடிவாதம் பிடிக்கிறாங்க" என்று சொனிம்தான் தொலைபேசியில் சொன்னாள். அவரும் சம்மதக் கையெழுத்தை அனுப்பிவிட்டார்.

வியாழன் மதியம் உடன் வேலை செய்யும் மல்ஜா கேட்டாள்:

"என்னக்கா, உங்க மகாராணி இன்னைக்காவது வாயைத் திறந்தாங்களா?"

"திறப்பாங்க, என்னைத் திட்டுறதுக்கு."

அரைத்த கஞ்சியோடு சொனிம் புன்னத்திடம் போனாள்.

"ஒரே ஒரு வாய், அம்மா."

"அப்புறம்."

"அப்புறம்னா எப்ப? ஆறிப்போச்சு."

"உனக்கென்ன அவ்வளவு அவசரம்? பெரியவங்க இல்லாத வீட்டுல வளந்தியா?"

சொனிமுக்கு முழங்கால் வலித்தது. நின்றுகொண்டே ஊட்டுகிறவள் அன்று அருகில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகுதான் புன்னத்தின் கண் போகும் இடம் தெரிந்தது. எதிரே, நாற்காலியில்லாத வெற்றிடம்.

"யாரைப் பாக்குறீங்க?"

"அத்தை இன்னும் வரலியே. அவங்க ஸ்பூனை எடுக்காம நான் எப்படி எடுப்பேன்?"

முன்பு அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவர் தொண்ணூற்று மூன்று வயது கில்ரே அம்மாள். புன்னத்துக்கு அவர் உறவே இல்லை. ஆனால் மேசையில் மூத்தவர், புன்னத்தின் நினைவில் மாமியார். மூத்தவர் ஸ்பூனை எடுக்காமல் மருமகள் எடுக்கலாகாது. சொனிமும் இருபது ஆண்டுகள் மாமியாரின் கையைப் பார்த்துக் காத்திருந்து உண்டவள்தான். கில்ரே மெதுவாகச் சாப்பிடுகிறார், மேசை துடைக்கத் தாமதமாகிறது என்று ஒரு மாதத்துக்கு முன் அவரைத் தூணுக்குப் பின்னால் தள்ளிவைத்தவளும் அவளே. கொக்குக்குத் தட்டையான தட்டில் கஞ்சி வைத்த நரியைத் தந்திரக்காரன் என்கிறோம். அந்த நரி கொக்கின் அலகைப் பார்க்காமலே பரிமாறியிருந்தாலும் கொக்குக்குப் பட்டினி பட்டினிதான்.

வெட்கம் வரும் என்று சொனிம் எதிர்பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. மரத்துப்போன காலை ஊன்றுவதுபோல் எழுந்து, கில்ரேயின் சக்கர நாற்காலியைத் தள்ளினாள்.

"எங்கடி உருட்டிட்டுப் போற? என் மீன் அங்கயே கிடக்கு."

"மீனும் கூடவே வருது, பெரியம்மா."

எதிரே வந்து சேர்ந்த கில்ரே, சூப் ஆறிவிட்டதென்று முணுமுணுத்துவிட்டு ஸ்பூனை எடுத்தார். புன்னம் தலையைச் சற்றே தாழ்த்தித் தன் ஸ்பூனை எடுத்தார். கஞ்சியைக் கிளறிப் பார்த்தார்.

"இது என்ன, ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டுற பசையா? சோறு இல்லையா இந்த வீட்டுல?"

மல்ஜா சோறும் மீனும் கொண்டுவந்து வைத்தாள். புன்னம் மெதுவாக, கில்ரேயின் வேகத்துக்கே சாப்பிட்டார். மற்ற மேசைகளைத் துடைத்து முடித்தும் இந்த மேசை முடியவில்லை. சொனிம் துணியைக் கீழே வைத்துவிட்டு, வராந்தாவுக்குப் போய்ப் பூசானுக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"உங்கம்மா பிடிவாதம் பிடிக்கலைங்க. அவங்க எதிர்ல உக்காந்திருந்த பெரியவங்களை என் வசதிக்காக நான்தான் இடம் மாத்தினேன். அவங்க வரட்டும்னு உங்கம்மா ஒரு மாசமா காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. உங்ககிட்ட நான் சொன்னது தப்பு. குழாய்க்குக் குடுத்த கையெழுத்தை வாபஸ் வாங்கிக்குங்க. நாளைக்கு டாக்டர்கிட்டயும் நானே சொல்லிடுறேன்."

மகன் கேட்டார்:

"இன்னைக்குச் சாப்பிட்டாங்களா?"

"பாதிச் சோறு. இன்னும் சாப்பிட்டுக்கிட்டுதான் இருக்காங்க."

சொனிம் தொலைபேசியைக் காதில் வைத்தபடி, யாரும் இல்லாத வராந்தாவில், அவர் எதிரே நிற்பதுபோல் இடுப்பு வளையக் குனிந்தாள்.

"மன்னிச்சிருங்க" என்றாள்.