சிலிண்டர்க்காரருக்கும் ஒரு பாட்டு

சின்னவள் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் மாமா அந்தக் கதையை ஆரம்பித்துவிட்டார்.

ஆரம்பிப்பார் என்று அவளுக்குத் தெரியும். கல்யாண வீடோ பிறந்தநாள் வீடோ, நாலு பேர் கூடிவிட்டால் அந்தக் கதையைச் சொல்லாமல் மாமாவுக்கு இருப்புக் கொள்ளாது. ஆனால் இன்றைக்குமா? அவருடைய கூடப் பிறந்த அக்கா, இவளுடைய அம்மா, கண்ணாடிப் பெட்டிக்குள் கண்மூடிக் கிடக்கும்போதுமா? குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி மாமாவின் குரல் வந்தது.

"அப்பல்லாம் இவங்க வீட்ல ஃபோன் கிடையாது. கீழே டெய்லர் கடையில இருந்துதான் போட்டிருக்கா எங்கக்கா. எல்லாரும் பாட்டுக் கேப்பாங்களே, அந்த ப்ரோக்ராம். லைன் கிடைச்சிருச்சு!"

யாரோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "ஆமா, நானும் பார்த்தேன்" என்றார்கள். அழுதுகொண்டிருந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். மாமா கதை சொன்னால் அப்படித்தான்.

அந்த நிகழ்ச்சியைப் பற்றி இன்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. பாட்டு வேண்டுமென்றால் கைப்பேசியைத் தடவினால் போதும் என்று வளர்ந்தவர்கள். அப்போது ஒரு பாட்டுக்காக ஊரே ஒரே எண்ணைச் சுழற்றிக்கொண்டிருக்கும். திரையில் பெரிய தோடு போட்ட ஒரு பெண் தலையைச் சாய்த்துச் சிரிப்பாள். யாருக்காவது இணைப்புக் கிடைத்துவிட்டால், முதலில் உங்க டிவி சத்தத்தைக் குறைங்க என்பாள். அப்புறம் எங்கேயிருந்து பேசுகிறீர்கள், என்ன செய்கிறீர்கள், சாப்பிட்டாச்சா என்று குசலம் விசாரித்துவிட்டுக் கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்பாள். இந்தப் பாட்டு யாருக்காக? பாட்டு அரைகுறையாக வந்து விளம்பரத்தில் மாட்டிக்கொள்ளும். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. டிவியில் நம் பெயரை ஒருவர் சொல்ல வேண்டும், தெரு கேட்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

அன்று ஏதோ விடுமுறை. வீடு நிறைய ஆள். டிவிக்கு மிக அருகில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் சின்னவள்தான். திடீரென்று அம்மாவின் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்றாள் அம்மா, அத்தனை பேருக்கும் சமைத்துவிட்டு வந்த கையோடு. யாருக்காக என்றதும் மடைதிறந்த மாதிரி கொட்டினாள். வீட்டுக்காரருக்கு, பெரிய பொண்ணுக்கு, பையனுக்கு, தம்பிக்கு, எதிர்வீட்டு டீச்சரம்மாவுக்கு, அவங்க வீட்டுக்காரருக்கு, ஃபோன் குடுத்த டெய்லருக்கு, கேஸ் சிலிண்டர் தூக்கிட்டு வர்ற தம்பிக்கு...

"போதும்மா, எல்லாருக்காகவும் பாட்டு வருது!" என்று தோடு போட்டவள் சிரித்துக் கையசைத்தாள்.

சின்னவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தான். "ஏய், உன்னை விட்டுட்டாங்கடி! உன்னைத் தவிட்டுக்கு வாங்கினதுன்னு நான் சொன்னப்ப நம்பலையே!" அப்பாகூடச் சிரித்தார். மூச்சிரைக்க மாடியேறி வந்த அம்மாவிடம் சொன்னபோது, "சொன்னேனே? சொல்லலையா?" என்று விழித்தாள். "சிலிண்டர்க்காரனைச் சொன்ன, இவளைச் சொல்லல" என்றாள் அக்கா. அம்மா வாயில் கையை வைத்தாள். அப்புறம் அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் சின்னவளால் மறக்க முடியவில்லை.

அடுத்த முறை சிலிண்டர்க்காரர் வாசலோடு போகாமல் சமையலறை வரைக்கும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். அதையும் மாமா கதையில் சேர்த்துக்கொண்டார். கூடத்தில் இப்போது அந்த இடம்தான். ஈரச் சிரிப்பு ஒன்று எழுந்து அடங்கியது.

எல்லோரோடும் சேர்ந்து சின்னவளும் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறாள். சிரிக்காவிட்டால் ரோஷக்காரி என்பார்கள். ஆனால் மனதுக்குள் அது ஒரு அளவுகோலாகிவிட்டது. அம்மா அக்காவின் பிரசவத்துக்கு முன்கூட்டியே போனதையும், தன் பிரசவத்துக்குக் குழந்தை பிறந்த பிறகு வந்ததையும் அதை வைத்தே அளந்தாள். அன்று பெட்டியோடு வாசலில் நின்ற அம்மாவிடம், "சிலிண்டர்க்காரனுக்கும் அப்புறம்தானே நான்" என்று சொல்லியும்விட்டாள். அம்மா ஒரு மாதிரி அவளைப் பார்த்துவிட்டுக் குழந்தையிடம் போய்விட்டாள்.

என்னை மறந்துட்டியா என்று நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் அம்மா ஏதாவது சமாதானம் சொல்வாள், அதை நம்புவதா வேண்டாமா என்று இன்னொரு பாடு. பிறகு கேட்கலாம், பிறகு கேட்கலாம் என்று தள்ளிப்போட்டதில் இன்று விடியற்காலையில் அண்ணனின் ஃபோன் வந்துவிட்டது. தூக்கத்திலேயே போயிருக்கிறாள். சின்னவள் வந்து சேர்ந்தபோது எல்லோரும் ஒரு பாட்டம் அழுது முடித்திருந்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கல் மாதிரி நிற்கிறாளே என்று யாரும் சொல்வதற்கு முன்னால் பாத்திரம் கழுவ வந்துவிட்டாள்.

அக்கா சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். கண் வீங்கியிருந்தது.

"டெய்லர் வந்திருக்காராம்டி. முட்டி வலி, மாடி ஏற முடியலையாம். கீழேயே உக்காந்திருக்காரு. ஒரு டீ குடுத்துட்டு வர்றியா?"

படிக்கட்டுக்குக் கீழே, ஸ்கூட்டர்களுக்கு நடுவில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் டெய்லர் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. டீயை வாங்கிக்கொண்டு அவளை உற்றுப் பார்த்தார்.

"பெரிய பொண்ணாம்மா நீ?"

"இல்லைங்க. சின்னவ."

"அட, நீதானா அந்தப் பாட்டுக்காரப் பொண்ணு!"

இவருமா என்று இருந்தது அவளுக்கு. "அந்தப் பாட்டுல நான் மட்டும்தான் இல்லைங்க. ஊருக்கே தெரியுமே" என்று திரும்பினாள்.

"அது முதத் தடவை. நான் ரெண்டாவது தடவையச் சொல்றேன்."

அவள் நின்றாள்.

"என்ன ரெண்டாவது?"

"என்னம்மா, தெரியாத மாதிரி கேக்குற?" டெய்லர் டம்ளரைக் கீழே வைத்தார். "அன்னைக்கு உன் பேரை விட்டுட்டாங்கல்ல? மறுநாள் கடைக்கு வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்தாங்க. 'எல்லாரும் ஞாபகம் வந்தாங்க டெய்லர். கூடவே இருக்கிறவ, எங்க போயிடப் போறான்னு வாய்ல வராமப் போயிட்டா. நானும் சேர்ந்து சிரிச்சுத் தொலைச்சிட்டேன்'னாங்க. அதுலேர்ந்து புதன்கிழமையானா வந்துருவாங்க. கையில ஒரு ஜாக்கெட் இருக்கும். வீட்ல ஏதாவது சாக்குச் சொல்லணுமே. லூஸ் பண்ணு, டைட் பண்ணுன்னு ஒரே ஜாக்கெட்டைப் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன். ஃபோனைக் கையில எடுத்தா விட மாட்டாங்க. எங்கேஜ்டு, எங்கேஜ்டு, எங்கேஜ்டு. என் கஸ்டமர் யாருக்கும் லைன் கிடைக்காது. நான் வாயத் தொறக்கல. உங்கம்மாகிட்ட யார் பேசுறது?"

"கிடைக்கலையா?" என்றாள்.

"ரொம்ப நாள் கிடைக்கல. உங்கக்கா கல்யாணமாகிப் போனப்புறம் ஒரு நாள் கிடைச்சிருச்சு. நல்ல மழை. மெஷினை நிறுத்துன்னு எனக்குக் கை காட்டினாங்க. யாருக்கும்மா பாட்டுன்னு அந்தப் பொண்ணு கேட்டிருக்கும்போல. என் சின்னப் பொண்ணுக்குன்னாங்க. பேரை ரெண்டு தடவை சொன்னாங்க, காதுல விழாமப் போயிடக் கூடாதுன்னு. வேற யாருக்குன்னு கேட்டிருக்கு. 'யாருக்கும் இல்ல, அவளுக்கு மட்டும்'னாங்க. வீட்டுக்காரருக்கு வேண்டாமான்னு கேட்டிருக்கும்போல. 'அவருக்குப் போன தடவையே குடுத்தாச்சு'ன்னாங்க பாரு!"

டெய்லர் சிரித்தார். சிரித்துவிட்டு, துக்க வீடு என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டார்.

"ஃபோனை வச்சதும் அந்த மழையில ஓடினாங்கம்மா. ஜாக்கெட்டைக்கூட எடுக்கல. மறுநாள் எடுத்துட்டுப் போக வந்தப்ப, பொண்ணு என்ன சொல்லுச்சுன்னு கேட்டேன். 'பார்த்துட்டா. ஆனா ஒண்ணும் சொல்லல. கோபம் இன்னும் தீரல. நான் கேக்க மாட்டேன், தீர்ந்தா அவளே சொல்லுவா'ன்னாங்க. அப்புறம் ஃபோன் பண்ண வரவே இல்ல. அதான் கேக்குறேன், நீ என்னம்மா சொன்ன அவங்ககிட்ட?"

அவள் என்ன சொன்னாள்?

மழை என்றதும் அந்த நாள் வந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்க விட்ட விடுமுறை. வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை. எதிர்வீட்டு டீச்சரம்மாவும் பள்ளிக்கூடத்தில். ஜாக்கெட்டோடு வெளியே கிளம்பிய அம்மா, "டிவியப் போட்டு வைடி, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நிகழ்ச்சி வரும் நேரம் என்று தெரிந்ததால்தான் அவள் போடவில்லை. முதல் தடவைக்குப் பிறகு அந்தத் தோட்டுக்காரியின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா வந்து நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் கொள்ளாத சிரிப்பு.

"டிவி போட்டியா?"

"போட்டேன், போட்டேன்" என்றாள் அவள், புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். ஏன் போடவில்லை என்று தொடங்கிவிடுவாளே என்பதற்காகச் சொன்ன பொய். அந்தப் பொய்யை அப்போதே மறந்தும் போனாள். பார்த்துவிட்டு அணைத்துவிட்டாள் என்று அம்மா நினைத்திருக்க வேண்டும். அங்கேயே நின்றாள். தரையெல்லாம் ஈரமாகிறது என்று சின்னவளுக்கு எரிச்சலாக இருந்தது. நின்று நின்று பார்த்துவிட்டு, "காப்பி போடட்டுமாடி?" என்று கேட்டாள் அம்மா. வேண்டாம் என்றாள் அவள்.

பிரசவத்துக்கு வந்து வாசலில் நின்ற அம்மாவின் முகமும் கூடவே வந்தது. சிலிண்டர்க்காரனுக்கும் அப்புறம்தானே நான் என்று கேட்டபோது, பார்த்த பிறகுமா இப்படிச் சொல்கிறாய் என்று நினைத்திருப்பாள். நினைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு குழந்தைக்குத் துணி மடிக்கப் போயிருக்கிறாள். தான் காத்திருந்த இத்தனை வருஷமும் அம்மாவும் காத்திருந்திருக்கிறாள். ஒரே வீட்டில், ஒரே தட்டில் பட்டாணி உரித்துக்கொண்டு.

"எந்தப் பாட்டு?" என்றாள்.

"என்ன?"

"அன்னைக்குக் கேட்டாங்களே. எந்தப் பாட்டு போட்டாங்க?"

டெய்லர் யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தார். "எனக்கு எப்படிம்மா தெரியும்? கடையில டிவி ஏது? ஏதோ சொன்னாங்க, மழைச் சத்தத்துல எனக்கு விழல. நீதானே பார்த்த?"

மேலேயிருந்து அண்ணனின் குரல் கேட்டது. "வண்டி வந்தாச்சு! எல்லாரும் மேல வாங்க!"

அவள் படியேறினாள். கூடத்தில் எல்லோரும் எழுந்துவிட்டிருந்தார்கள். வண்டிக்காரர்கள் இருவர் கண்ணாடி மூடியைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார்கள். கிட்டத்தில் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். அக்கா போய் விழுந்து கதறினாள். மாமா, கதை சொன்ன அதே மாமா, அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். அண்ணன் அவரைத் தூக்கி நிறுத்தினான்.

சின்னவளின் முறை வந்தது. அவள் மண்டியிட்டாள். அம்மாவின் காதோரம் ஒரு முடி பிரிந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டுக் குனிந்தாள். பின்னால் இருந்த அழுகையில் மற்றவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது.

"அம்மா, நான் அன்னைக்கு டிவி போடலம்மா."

அவ்வளவுதான் வந்தது. இன்னொரு முறை சொன்னாள், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. வண்டிக்காரர் தொண்டையைச் செருமினார். அவள் எழுந்து விலகி நின்றாள். தூக்கினார்கள்.

படிக்கட்டில் இறங்கும்போது அக்கா அவள் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"அம்மாகிட்ட என்னடி சொன்ன?"

"டிவி போடலன்னு சொன்னேன்."

அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத தங்கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்த பிறகுதான் சின்னவளுக்குத் தன் முகம் நனைந்திருந்தது தெரிந்தது.

"அதனால என்னடி," என்றாள் அக்கா. "பரவாயில்ல. பார்த்து இறங்கு."