கூட ஓடுகிறவள்

நூற்றிருபது பிள்ளைகளுக்கான உருளைக்கிழங்கை மசித்து முடித்து, பள்ளிச் சமையலறைக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது மென்னாவின் போன் அடித்தது. ஊருக்கு மேலே ஆடு வளர்க்கும் விவசாயி.

"மென்னா, உன் வீட்டுக்காரர் எங்க மேல்வேலிகிட்ட நிக்கிறாரு. ஒரு கால்ல ஷூ இல்ல. எங்க போகணும்னு கேட்டா, பந்தயம் முடிஞ்சிடுச்சான்னு என்னையே திருப்பிக் கேக்குறாரு. வண்டியில ஏறச் சொன்னா ஏற மாட்டேங்கிறாரு. நீயே வந்துடு."

பிப்ரவரி மாதம். லான்பெரிஸ் ஏரியின் மேல் மேகம் கூரை போட்டதுபோல இறங்கியிருந்தது. ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினாள் என்று சொல்ல முடியாது, நடந்தாள். மேல்வேலி வரை ஏற அவளுக்கு ஒரு மணி நேரம் ஆனது. நான்கு இடங்களில் உட்கார்ந்தாள். ஐந்தாவது இடத்தில் ஈரப் புல்லில் கையூன்றி, மூச்சு வாங்க முடியாமல், இங்கேயே நான் செத்துப்போனால் அவனை யார் கீழே கூட்டிவருவார்கள் என்று நினைத்தாள். மேலே போய்ச் சேர்ந்தபோது ஹவெல் வேலிக்கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தான். விவசாயி தன் கோட்டை அவன் மேல் போட்டிருந்தார். காலுறை கிழிந்து கட்டைவிரலில் ரத்தம். அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. "நீயா? நீ எப்படி மேல வந்தே?" என்றான். நியாயமான கேள்விதான். முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்தில் அவள் அந்த மலையில் அவ்வளவு உயரம் ஏறியது அதுதான் முதல் தடவை.

ஹவெலுக்கு ஐம்பத்தொன்பது வயது. மலைக்குள் குடைந்த நீர்மின் நிலையத்தில் இயந்திரங்களைப் பராமரிப்பவனாக இருந்தான். வேலை முடிந்தால் மலை ஓட்டம். வெயில், மழை, பனி எதுவும் பொருட்டில்லை. சனிக்கிழமை பந்தயங்களில் இருந்து முழங்கால் வரை சேற்றோடு வந்து வாசலில் நிற்பான்; அவள் வாளித் தண்ணீரை ஊற்றுவாள். மலை அவனுக்கு, வீடு தனக்கு என்று அவள் எப்போதோ பிரித்துக்கொண்டுவிட்டாள். அதில் வருத்தமும் இருந்ததில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். முதலில் பெயர்கள் போயின, பிறகு தெருக்கள், பிறகு சாப்பிட்டோமா இல்லையா என்பது. கால்கள் மட்டும் எதையும் மறக்கவில்லை. எந்த நேரத்திலும் ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். ஏறுவதற்கு வழி தெரியும். எதற்கு ஏறினோம், எப்போது இறங்கவேண்டும் என்பதுதான் தெரியாது.

"வேலைக்குப் போறப்போ வீட்டப் பூட்டிடும்மா," என்றாள் கார்டிஃபில் இருந்து மகள் எலின். "கொடுமையாத்தான் இருக்கும். ஆனா செத்துப் போறதவிடத் தேவல இல்லையா?"

மென்னா நான்கு நாட்கள் பூட்டினாள். முதல் மூன்று நாட்கள் அவன் ஜன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்து நின்றதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான்காம் நாள் அவள் வேலை முடிந்து வந்தபோது சமையலறை ஜன்னல் உடைந்திருந்தது. ஹவெல் தரையில் உட்கார்ந்து முழங்கையைத் துண்டால் சுற்றிப் பிடித்திருந்தான். துண்டு சிவந்து சொட்டியது.

"நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லிடு மென்னா," என்றான். "சொல்லிட்டா இனிமே பண்ண மாட்டேன்."

அதற்குப் பிறகு அவள் பூட்டவில்லை. நிறுத்த முடியாதவனோடு கூடப்போவதைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றியது. ஆனால் கூடப்போவதற்குக் கால் வேண்டும். ஐம்பத்தைந்து வயது, தினமும் ஏழு மணி நேரம் அடுப்பின் முன் நின்று வீங்கிய கால்கள். பெரிலைப் போய்ப் பார்த்தாள். பெரில் ஊர்த் தபால்காரி. ஹவெலோடு ஒரே க்ளப்பில் இருபது வருடம் ஓடியவள்.

"மூணு மாசத்துல நான் அவன்கூட மேல ஏறணும்."

பெரில் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "மூணு மாசத்துல நீ ஆஸ்பத்திரிப் படிதான் ஏறுவே."

"கிண்டல் பண்ணாதடி. எனக்கு அவகாசம் இல்ல."

"அவகாசம் இல்லாதவளுக்குத்தான் சொல்றேன். வாரத்துக்கு நாலு நாள், அரை மணி. அவ்வளவுதான். ஓடுறப்போ என்கிட்ட ஊர்வம்பு பேச முடியணும். பேச மூச்சு இல்லன்னா நீ வேகமாப் போறேன்னு அர்த்தம். ஏத்தம் வந்தா நட. அதுல ஒரு வெக்கமும் கிடையாது, உன் புருஷனே நடப்பான். மீதி நேரம் கிடைச்சா தூங்கு."

"அரை மணிக்கு எங்கடி போவேன்? அவன யார் பாத்துக்கிறது?"

"வேலைக்கு எதுல போறே?"

"பஸ்ல."

"இனிமே பஸ் கிடையாது."

அப்படித்தான் தொடங்கியது. செவ்வாயும் வியாழனும் ஹவெலைப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தின் வண்டி அழைத்துப்போகும். மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரி வந்து உட்காருவாள். அவனை ஒப்படைத்த கையோடு, சமையலறை உடுப்பைப் பையில் திணித்து முதுகில் கட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பாதையில் பள்ளிக்கு ஓடுவாள். பழைய சுரங்கத்தின் பலகைக்கல் கழிவுகள் இருபுறமும் கருநீலமாகக் குவிந்து கிடக்கும். இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. பேருந்து ஜன்னலில் பிள்ளைகள் முகத்தை ஒட்டிவைத்துக் கத்துவார்கள்: "மென்னா ஆன்ட்டி பஸ்ஸ விட்டுட்டாங்க!" குழம்பைக் கிளறும்போது ஒற்றைக்காலில் நின்றாள். சனிக்கிழமை பெரில் அவளை மலையடிவாரத்துக்குக் கூட்டிப்போய், தளர்ந்த கற்களில் எப்படிக் கால்வைத்து இறங்குவது என்று காட்டினாள். மார்ச் முடிவில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்து, ஹவெல் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

பெருமையோடு பயமும் சேர்ந்துகொண்டது. ஏப்ரலில் ஒரே வாரத்தில் அவன் இரண்டு முறை கிளம்பிப்போனான். இப்படி ஆமை மாதிரி தயாரானால் நான் தயாராகும்போது கூட்டிவர அவன் இருக்க மாட்டான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பெரிலிடம் சொல்லாமல் காலையிலும் ஓடினாள், வேலை முடிந்தும் ஓடினாள். சரிவில் பாய்ந்து இறங்கிப் பழகினாள். ஒன்பதாவது நாள் பின்னாலிருந்து யாரோ சாட்டையால் அடித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை. கெண்டைக்கால் தசை கிழிந்திருந்தது.

ஆறு வாரம் என்றார்கள். மூன்றாவது வாரத்தில், மே மாதத்து விடிகாலை ஒன்றில், வலிமாத்திரை போட்டு அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தபோது ஹவெல் கதவைத் திறந்துகொண்டு போனான். அன்று நாள் முழுக்க மழை. மீட்புக் குழுவினர் ஒன்பது மணி நேரம் தேடினார்கள். அவள் ஊன்றுகோலோடு வாசலில் நின்றிருந்தாள். அவளால் ஆனது அதுதான். முகட்டுக்கு அந்தப்புறச் சதுப்பில் இடுப்புவரை ஈரத்தில் கிடந்தவனைக் கண்டெடுத்தபோது உடம்பு நடுங்குவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தது. பதினோரு நாள் மருத்துவமனை. திரும்பி வந்தான். ஆனால் முழுதாக வரவில்லை. ஷூ நாடாவைக் கட்டத் தெரியவில்லை. கரண்டியைக் கொடுத்தால் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று பெரில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று மென்னாவுக்கு இருந்தது.

ஜூனில் மறுபடி முதலிலிருந்து. ஒரு நிமிடம் ஓட்டம், பத்து நிமிடம் நடை. இந்த முறை அவள் ஒரு நாளும் அளவை மீறவில்லை. பொறுமை என்று அதற்குப் பெயர் சொல்ல முடியாது. தண்டனை அனுபவிப்பவளைப்போல ஓடினாள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கும் உட்காராமல், ஊருக்கு மேலிருக்கும் மோயல் எய்லியோ மலையின் உச்சிக்கு ஏறினாள். அடுத்த ஞாயிறு ஹவெலைக் கூட்டிக்கொண்டு ஏறினாள். படிக்கட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைத் தன் தொடைமேல் வைத்து நாடாவைக் கட்டிவிட்டாள். கரண்டி பிடிக்கத் தெரியாத மனிதன், மலையில் கால் வைத்ததும் நிமிர்ந்தான். எந்தக் கல் ஆடும், எந்தப் பசும்புல்லுக்கு அடியில் சேறு இருக்கும் என்பதெல்லாம் அந்தப் பாதங்களுக்குத் தெரிந்திருந்தது. அவள் அவன் மிதித்த இடத்திலேயே மிதித்துப் போனாள். இதையா இத்தனை வருடம் வாசலில் வாளியோடு நின்று தவறவிட்டோம் என்று ஒரு திருப்பத்தில் நினைத்துக்கொண்டாள்.

புதனும் ஞாயிறும் ஓடினார்கள். ஓடிய நாளில் அவன் நன்றாகத் தூங்கினான், தனியாகக் கிளம்பவில்லை. அப்படி ஆறு வாரங்கள். ஆறுதான்.

அக்டோபர் மூன்றாம் வாரத்தில் எலின் போனில் கூப்பிட்டாள். பாங்கர் நகரத்துப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் அறை காலியாகியிருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இப்ப நல்லாத்தான இருக்காரு. நான்தான் கூட ஓடுறேனே."

"எத்தன நாளைக்கும்மா ஓடுவே?" எலின் அழுதுகொண்டிருந்தாள். "நீ விழுந்துட்டா?"

மென்னா, யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

அது திங்கட்கிழமை. புதனன்று, பள்ளி விட்டு வந்ததும் கிளம்பினார்கள். உச்சியில் கற்களை வட்டமாக அடுக்கிய காற்றுமறைப்பு ஒன்று உண்டு. ஹவெல் முன்னால் போய் அதில் சாய்ந்து நின்றான். அவள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் மரியாதையாகக் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"நல்லா ஏறுறீங்க," என்றான். "எந்த க்ளப்பு நீங்க?"

கிண்டல் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் கண்களைப் பார்த்தாள். அதில் கிண்டல் இல்லை. அறிமுகமில்லாத பெண்ணிடம் ஒரு நல்ல மனிதன் காட்டும் தயக்கம் இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் அவன் வாயிலிருந்து அவளுக்கு ஒரு 'நீங்க' வந்ததில்லை.

"க்ளப்பெல்லாம் இல்லீங்க," என்று அவள் வாய் தானாகச் சொன்னது.

"சேந்துடுங்க. தனியா ஓடக்கூடாது." கையைத் தேய்த்துக்கொண்டான். "நான் தினமும் வந்துடுவேன். வீட்டுல ஒரு பொம்பள இருக்கா. நல்லவதான்னு நெனைக்கிறேன், சாப்பாடெல்லாம் போடுறா. ஆனா கதவப் பூட்டிடுவா. எப்பப் பாத்தாலும் அழுத முகம். பாவமா இருக்கும், பாக்க முடியாது. அதான் இங்க வந்துடுறது."

காற்று கற்களின் இடுக்கில் சீறியது. கீழே, தூரத்தில் தெரிந்த கடலை மேகம் மூடிக்கொண்டு வந்தது.

"உங்க... உங்க மனைவி?"

அவன் நெற்றியைச் சுருக்கினான். "மென்னா," என்றான். அந்தப் பெயரைக் கண்டெடுத்ததில் அவன் முகம் ஒளிர்ந்தது. "இருக்கா. அவ மலைக்கே வர மாட்டா. ஒரு தடவயாவது கூட்டிட்டு வந்து காட்டணும்."

அவள் தன்னை மறந்தாள். "ஹவெல், நான்தான். வா, வீட்டுக்குப் போலாம்," என்று அவன் கையைப் பற்றினாள். அவன் உதறினான். முகத்தில் அச்சம் வந்தது. வீட்டைப் பூட்டிய அந்த நாட்களில் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருந்திருக்கக்கூடிய அச்சம். திரும்பி, முகட்டின் மேல் அடுத்த மலையை நோக்கி ஓடத் தொடங்கினான். மேகம் அதற்குள் அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. அவள் ஓடினாள். பேச மூச்சு இல்லாத ஓட்டம். வழுக்கும் புல்லில், வலப்பக்கம் சரிவு எங்கே தொடங்குகிறது என்று தெரியாத வெண்மையில், அவன் முதுகு மங்கி மங்கித் தெரிந்தது. அவனை எட்டிப் பிடிக்கும் அளவுக்கு நெருங்கினாள். பிடிக்கவில்லை. பிடித்தால் மறுபடி உதறுவான், இங்கே உதறினால் இருவரில் ஒருவர் சரிவில் விழுவார். இரண்டடி பின்னால் இருந்தபடியே கத்தினாள்:

"ஏங்க! எனக்கு வழி தெரியலீங்க! கீழ கூட்டிட்டுப் போறீங்களா?"

ஹவெல் நின்றான். வேலைக்குப் போன காலத்தில் இருபத்திரண்டு வருடம் மீட்புக் குழுவில் தொண்டு செய்தவன் அவன். திரும்பி வந்தபோது முகம் மாறியிருந்தது. நிதானமான, பொறுப்பான முகம்.

"பயப்படாதீங்க," என்றான். "என் பின்னாடியே வாங்க. அவசரமே இல்ல."

அவன்தான் அவளை இறக்கினான். மேகத்துக்குள் ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. மேய்ச்சல் நிலத்துச் சுவர்களைத் தாண்டும் மரப்படிகளில் ஒவ்வொரு முறையும் கை கொடுத்தான். "குளிருதா? பேரு என்ன?" என்று கேட்டான். அவள் தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். ஊருக்குள் வந்தபோது மழை கனத்திருந்தது. தங்கள் வீட்டு வாசலில் அவள் நின்றதும் அவனும் நின்றான்.

"இதானா உங்க வீடு? சரி, போய் உடுப்ப மாத்துங்க. சூடா ஏதாவது குடிங்க."

"நீங்களும் உள்ள வாங்களேன். ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாம்."

"ஐயோ, வேணாங்க. நேரமாயிடுச்சு. எனக்காக வீட்டுல காத்துட்டிருப்பா."

அவன் கையை உயர்த்தி விடைகொடுத்துவிட்டு, நனைந்த தெருவில் மேல்நோக்கி மெதுவாக ஓடத் தொடங்கினான். எதிரே வந்த கார் ஒன்று முன்விளக்கைத் தணித்து அவனுக்கு வழிவிட்டது. சாலையின் வளைவில் மழை அவனைக் கீழிருந்து அழித்துக்கொண்டு வந்தது: முதலில் கால்கள், பிறகு தோள். மென்னா வாசல் கேட்டைத் திறந்தபடியே விட்டுவிட்டு, ஷூவுக்குள் தண்ணீர் சளக் சளக்கென்று சத்தமிட, அவன் பின்னால் ஓடினாள்.