கண் வந்த சாட்சி

"நல்லா பாத்துச் சொல்லுங்க. அவசரம் இல்ல."

"பாத்துக்கிட்டுத்தான்மா இருக்கேன். பாத்தா ஒண்ணும் தெரியல."

சிறை முற்றத்தில் எட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். மாஜிஸ்திரேட் அம்மாவின் பக்கத்தில் நிலவழகன் நின்றான். அந்த எட்டுப் பேரில் ஒருவன்தான் அவனுடைய அண்ணன் ராக்கனை வெட்டிக் கொன்றவன் என்று போலீஸ் நம்பியது.

ஆலங்குடிப் பக்கம் முந்திரித் தோப்பில் அது நடந்தது. பிறவியிலேயே பார்வையில்லாத நிலவழகன் பழத்திலிருந்து கொட்டையைத் திருகிக்கொண்டிருந்தான். முதல் வெட்டு இளநீர் சீவுவதுபோல் கேட்டது. ஓடச் சொல்லி அண்ணன் கத்தினான். அடுத்த வெட்டில் அந்தக் குரல் ரத்தத்துக்குள் கொப்பளித்து நின்றது. நிலவழகன் ஓடவில்லை. சத்தம் வந்த இடத்தில் பாய்ந்து விழுந்தான். வெட்டியவனும் அவனும் சருகில் புரண்டார்கள். அரிவாள் அவனுடைய இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோனது. வலது கையால் அந்த முகத்தைக் கவ்விப் பிடித்தான். ஒடிந்து சாய்ந்த மூக்குத்தண்டு, கிழிந்து ஒட்டிய மேலுதடு, உள்ளங்கையில் இறங்கிய பல். வந்தவன் ஒரு வார்த்தை பேசாமல் உதறிவிட்டு ஓடினான்.

குருடன் சொல் கோர்ட்டில் நிற்காது என்று ஊரே பேசியது. மதினி காத்தாயி அவனைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். பிறவிப் புரையை எடுத்தார்கள். கட்டவிழ்த்த அன்று மதினி தன் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். வெளிச்சத்தில் ஏதோ ஒரு நிறம் ஆடியது. கண்ணை மூடி அவள் கன்னத்தைத் தொட்ட பிறகே அது மதினி என்று தெரிந்தது. பழகினால் சரியாகிவிடும் என்றாள். இன்னும் ஆகவில்லை.

காலையில் சிறை வாசலில் அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு நீ காட்டலன்னா அவன் வெளிய வந்துருவான். வந்தா நம்ம ரெண்டு பேரையும் விட்டுவைப்பானா?"

இப்போது எதிரே எட்டுக் கறைகள். எங்கே மூக்கு, எங்கே உதடு? ஒரு கறையில் வெள்ளையாக ஏதோ மின்னி மறைந்தது. சிரிக்கிறானா, பயப்படுகிறானா? நிலவழகன் கண்ணை மூடினான். உடனே அந்த முகம் முழுசாக வந்தது. உள்ளங்கைத் தழும்பு எரிந்தது. கண்ணைத் திறந்தான். முகம் போய்விட்டது.

தெரியவில்லை என்றே எழுதிக்கொள்ளட்டுமா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"எழுதாதீங்கம்மா. கண்ணு எனக்குப் புதுசு, அதுக்கு யாரையும் தெரியாது. நான் கண்ண மூடிக்கிறேன். ஒவ்வொருத்தர் மூஞ்சியவும் ஒருக்கா தொட விடுங்க."